ஓரத்தில் இருந்த ஒற்றை வரி

அத்தியாயம் 14

மதார் சாகிப் ஒரு காகிதத்துக்கு லேமினேஷன் போட்டுவிட்டார் என்றால், அதைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அர்த்தம். கடை லைசென்ஸ், ரேஷன் கார்டு, மூத்த மகள் ஃபர்சானா பி.ஏ. முதல் வருஷத்தில் பிரெஞ்சுக்கு வாங்கிய தொண்ணூற்றெட்டு மார்க், எல்லாம் அப்படித்தான் பீரோவுக்குள் பளபளத்துக்கொண்டிருந்தன. இந்த வாரம் அந்தக் கூட்டத்தில் புதிதாக ஒன்று சேர்ந்தது. மாப்பிள்ளை முஜீபின் பிறப்புச் சான்றிதழ். நேராக பிரான்சிலிருந்து வந்தது.

இந்த மாப்பிள்ளை முதலில் ஃபர்சானாவுக்காக வந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். "பொண்ணு பிரெஞ்சு படிக்குதாமே, எங்க பையனுக்குத் தோதா இருக்கும்" என்று காரைக்காலில் இருந்து சொல்லியனுப்பினார்கள். எம்.ஏ. முடிக்காமல் கல்யாணம் வேண்டாம் என்று இவள் பிடிவாதமாக நின்றாள். வீட்டில் இரண்டு நாள் அடுப்பெரியவில்லை. மூன்றாம் நாள் மதார் சாகிப் சமாதானமாகி, அதே மாப்பிள்ளையைச் சின்ன மகள் ஆயத்துக்குப் பேசிவிட்டார். ஆயத் சரி என்றாள். இரண்டு மாதமாக முஜீபோடு போனில் பேசிப் பேசி அவள் முகமே மாறிவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் பெரியவர்கள் உட்கார்ந்து தேதி குறிக்கப் போகிறார்கள்.

ஒரே ஒரு குறைதான் இருந்தது. நிக்காஹ் பேசுவதென்றால் மாப்பிள்ளையின் ஜமாஅத்திலிருந்து கடிதம் வர வேண்டும். பையன் எங்களைச் சேர்ந்தவன், இதற்கு முன் மணம் ஆகாதவன், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி கையெழுத்துப் போட்ட கடிதம். முஜீப் பிறந்து வளர்ந்தது எல்லாம் பிரான்ஸ்; அவர் அம்மாதான் பிறகு காரைக்காலுக்குத் திரும்பியவர். "பையனை நாங்க கண்ணாலகூடப் பார்த்ததில்லையே" என்று காரைக்கால் ஜமாஅத் கையை விரித்துவிட்டது. அங்கேதான் மதார் சாகிப் தன் மூளையைச் செலவழித்தார்.

"ஜமாத்து சீல் இம்மாத்தூண்டு. கவர்மெண்ட் சீல் எவ்ளோ பெருசு! பிரான்ஸ் கவர்மெண்டே சீல் போட்டு குடுத்துகீது, அதுக்கு மேல இன்னா வேணும்?" என்று பள்ளிவாசலில் அடித்துப் பேசினார்.

உள்ளூர் முத்தவல்லி அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "சரிதான் பாய். ஆனா இது இன்னா எழுதிகீதுன்னு எனக்குத் தெரியலயே. தமிழ்ல எழுதிக் குடுங்க, ஃபைல்ல வெச்சிக்கிறேன்" என்றார்.

தமிழில் எழுத ஆளைத் தேடி எங்கே போவது? வீட்டிலேயே ஒருத்தி இருந்தாளே.

"அஞ்சு வருசமா படிக்கிற. வூட்டுக்கு இப்பதான் மொதல் தடவையா உபயோகப்படுது" என்று வியாழக்கிழமை காலையில் சான்றிதழை ஃபர்சானாவிடம் நீட்டினார் மதார் சாகிப். "அயகா, குண்டு குண்டா எழுது. சாயங்காலம் முத்தவல்லி வூட்டுக்கே வர்றாரு."

"காலேஜ்ல எழுதிர்றேன் அத்தா."

"நாஸ்தா துன்னுட்டுப் போடி" என்றாள் அம்மா உம்மு சல்மா, அடுப்பங்கரையில் இருந்தபடியே.

ஆயத் வாசல்வரை கூடவே வந்தாள். மாப்பிள்ளை கைமாறியதிலிருந்து அக்காவும் தங்கையும் முன்போல் ஒட்டி உறவாடுவதில்லை. இன்று ஆயத் தானாகவே அக்காவின் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, 'உள்ள வாங்க, உக்காருங்க'ன்றத பிரெஞ்சுல எப்டி சொல்லணும்? நாளைக்கு அவங்க அம்மா வரும்போது சொல்லலாம்னு."

"அவங்க அம்மா காரைக்கால்டி. தமிழ்ல சொன்னா போதும்."

"சும்மா சொல்லேன்."

ஃபர்சானா சொல்லிக் கொடுத்தாள். ஆயத் அதை நான்கு தடவை தப்பாகச் சொல்லி, ஐந்தாம் தடவை சரியாகச் சொல்லி, தானே கைதட்டிக்கொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பஸ் பிடிக்க நடந்தபோது ஃபர்சானாவுக்கு மனசு லேசாக இருந்தது.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சான்றிதழை எடுத்து மடியில் வைத்தாள். பேர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அத்தா பேர், அம்மா பேர். சுலபமான பிரெஞ்சுதான், இரண்டாம் வருஷப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

இடதுபக்க ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. லேமினேஷன் உறையில் வெயில் பட்டுக் கண் கூசியது. சான்றிதழைச் சாய்த்துப் பிடித்துப் படித்தாள்.

மோந்த்ரோய் நகரசபையில், 2021 அக்டோபர் ஒன்பதாம் தேதி, எலோடி மர்ஷான் என்பவரை மணந்தார்.

இன்னொரு தரம் படித்தாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். எத்தனை தரம் படித்தாலும் மணந்தார் என்பது மணந்தார் என்றேதான் இருந்தது.

பஸ்ஸில் உட்கார இடமில்லாத கூட்டம். பக்கத்தில் இருந்த அம்மாள் மடியில் முருங்கைக்காய்க் கட்டு. எதிரே இரண்டு பேர் கட்சிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். இத்தனை பேரில் யாரிடம் இந்தக் காகிதத்தைக் காட்டினாலும் "சீல் நல்லாகீது" என்றுதான் சொல்வார்கள். ஃபர்சானாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. செங்கல்பட்டு வரும்வரை சான்றிதழைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியில் எம்.ஏ. பிரெஞ்சு இரண்டாம் வருஷம் என்றால் ஃபர்சானா. அவ்வளவுதான் வகுப்பு. சேரும்போது ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேர் நாவலூர் கம்பெனிகளில் பிரெஞ்சுக்காரர்களின் போனை எடுத்துப் பேசும் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். ஜானகிராமன் என்று ஒரு பையன் பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று போனவன்தான், திரும்பவில்லை. மிச்சமிருந்தவளுக்காகத் தினமும் ஐம்பது பேர் உட்காரும் அறையில் மின்விசிறி சுற்றியது. இவளுக்குக் காய்ச்சல் வந்தால் துறைக்கே லீவு.

ஐந்து வருஷமாகப் படிக்கிற பாஷையில் அவள் இதுவரை யாரோடும் சண்டை போட்டதில்லை, யாரையும் கிண்டல் செய்ததில்லை, ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. வீட்டில் பிரெஞ்சில் முணுமுணுத்தால் ஜின் பிடித்துவிட்டதா என்று அம்மா கேட்பாள். பேச்சுப் பயிற்சிக்காக இவளே கேள்வி கேட்டு, இவளே பதில் சொல்லி, போனில் பதிவு செய்து கேட்பாள். சில நாள் அந்தக் குரலைக் கேட்கவே பாவமாக இருக்கும்.

ரூத் மேடம் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது, கௌரவ விரிவுரையாளர். வருகைப் பதிவேட்டைத் திறந்து, தலை நிமிராமல், "ஃபர்சானா" என்றார்.

"உள்ளேன் மேடம்."

இந்தக் கூத்து தினமும் நடக்கும். இன்று இருவருமே சிரிக்கவில்லை. மேடம் மூன்று மணிக்கு நாவலூரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வேலை கிடைத்துப் போய்விட்டால் இந்த வகுப்பின் கதி என்ன என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசுவதில்லை.

"இன்னைக்கு அரசு ஆவணங்கள் மொழிபெயர்ப்பு. ஏதாவது மாதிரி எடுத்துட்டு வரச் சொன்னேனே?"

ஃபர்சானா சான்றிதழை மேசையில் வைத்தாள். பேர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "அட, நிஜமான ஆவணமே! இது சுருக்கம் இல்லம்மா, முழுப் பிரதி. இது கிடைக்கிறது அபூர்வம். பாரு, நம்ம ஊர்ல பிறப்புச் சான்றிதழ்னா பிறந்ததோட சரி. அங்க ஒருத்தன் வாழ்க்கைல நடக்கிறத எல்லாம் இந்த ஓரத்துல சேர்த்துக்கிட்டே வருவாங்க. கல்யாணம் ஆனா ஒரு வரி. விவாகரத்து ஆனா அதுக்குக் கீழ இன்னொரு வரி."

"கீழ வரி இல்லன்னா?"

"விவாகரத்து ஆகலைன்னு அர்த்தம். பிரதி எடுத்த தேதி பாரு, போன மாசம். அப்போ போன மாசம் வரைக்கும் இந்த ஆளுக்கும் இந்த எலோடிக்கும் கல்யாணம் செல்லும்."

"தலாக் சொல்லியிருந்தா மேடம்?"

ரூத் மேடம் நிமிர்ந்து பார்த்தார். "அது பள்ளிவாசலுக்குத் தெரியும். நகரசபைக்குத் தெரியாது. அங்க நகரசபைதான் கணக்கு. இந்த வரி இருக்கிற வரைக்கும் வேற யாரை இங்க நிக்காஹ் பண்ணிக் கூட்டிட்டுப் போனாலும், அந்த ஊர்ச் சட்டத்துக்கு அந்தப் பொண்ணு யாருமே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "எங்க கிடைச்சுது இது?" என்றார்.

ஃபர்சானா கட்டைவிரலை எடுத்தாள். "எங்க வூட்ல மேடம். என் தங்கச்சி ஆயத்துக்குப் பார்த்த மாப்பிள்ளை."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. ரூத் மேடம் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு அவசியமே இல்லை, அந்த வராந்தாவில் ஆளே கிடையாது.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"இந்தச் சுற்றுவட்டாரத்துல இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க நாம ரெண்டு பேர்தான் இருப்போம்" என்றார் மேடம். "நீ அந்த வரிய விட்டுட்டு எழுதினா ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அது உனக்கும் தெரியும், அதனாலதான் இப்படி வெளிறிப்போய் உக்காந்திருக்க. நான் ஒண்ணும் சொல்லல. முதல்ல முழுசா எழுது. கையில ஒரு முழுக் காகிதம் இருக்கட்டும்."

எழுதினாள். அத்தா கேட்டபடி குண்டு குண்டாக எழுதினாள். ஒரு பக்கம்கூட வரவில்லை, ஒரு மணி நேரம் ஆயிற்று.

மாமல்லபுரம் ஒற்றவாடைத் தெருவில் இருந்தது மதார் சாகிப்பின் கடை. கடற்கரைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பருத்திச் சட்டை, யானை போட்ட தொளதொளப் பேண்ட். ஃபர்சானா கல்லூரியிலிருந்து நேராக அங்கே போனபோது அத்தா இல்லை. வியாழக்கிழமைகளில் அண்ணன் தௌசிஃப் நாவலூர் ஆபீஸுக்குப் போகாமல், கடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அங்கிருந்தே வேலை பார்ப்பான். சான்றிதழை மெயிலில் வாங்கி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

ஃபர்சானா சொல்லி முடித்ததும் அவன் லேப்டாப்பை மூடினான்.

"நல்லா பார்த்தியா? வேற ஏதாவது இருக்கப் போகுது."

"அண்ணே, அஞ்சு வருசமா இதத்தான் படிக்கிறேன்."

"இல்ல... பரீட்சையில தப்பு வராதா இன்னா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நீலச் சட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, துவைத்தால் சாயம் போகுமா என்று பிரெஞ்சில் கேட்டார். "முதல் தடவை மட்டும் கொஞ்சம் போகும், தனியாகத் துவையுங்கள்" என்று ஃபர்சானா பிரெஞ்சில் சொன்னாள். உங்கள் உச்சரிப்பு அழகாக இருக்கிறது என்று அந்த அம்மாள் பாராட்டிவிட்டுச் சட்டையை வாங்காமல் போனார். வாரத்துக்கு ஒரு முறை அவள் பேசும் பிரெஞ்சு இவ்வளவுதான். மீடியம், லார்ஜ், சாயம் போகும், சாயம் போகாது.

தௌசிஃப் குரலைத் தாழ்த்தினான். "கேளு. மண்டபம் பேசியாச்சு. சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. நாளைக்கு அவங்க வர்றாங்க. இப்ப போயி நீ இத சொன்னா... வேற யாராவது சொன்னா பரவால்ல. நீ சொன்னா இன்னா பேசுவாங்க தெரியுமா?"

"தெரியும்."

"'வேணாம்னு வுட்ட மாப்ள தங்கச்சிக்குப் போறது பொறுக்கல'ம்பாங்க."

"தெரியும்ணே. பஸ்ல வரும்போதே தெரிஞ்சுது."

"அப்ப ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போடு. அந்த வரிய மட்டும் வுட்டுட்டு எழுதிக் குடு. நான் முஜீபுகிட்ட பேசறேன். நான் கேட்டதே சின்ன சர்ட்டிபிகேட்தான். இந்தப் பெரிய காப்பி எதுக்கு அனுப்பினாருன்னே தெரில."

ஃபர்சானா கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தினாள். "நீ கேட்டது இது இல்லையா?"

"இல்ல. சுருக்கமா ஒண்ணு இருக்குதாமே, அதத்தான் கேட்டேன். அவரா இத அனுப்பினாரு. ஒண்ணும் புரில எனக்கு."

அவளுக்குக் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்ப சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறும்போது சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது.

வீட்டில் உம்மு சல்மா நாளைய விருந்துக்கு நெய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ஆயத் மட்டும் கூடத்தில் நாற்காலி உறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். இதைவிட்டால் தனியாகப் பேச நேரம் கிடைக்காது. ஃபர்சானா பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். ஓரத்து வரியை விரல் வைத்துக் காட்டினாள்.

ஆயத் அதைப் பார்க்கவே இல்லை.

"உனக்கு வேணாம்னு தள்ளிவுட்டது எனக்குக் கிடைச்சா ஏன் எரியுது உனக்கு?"

இந்த வார்த்தை வரும் என்று எதிர்பார்த்துத்தான் வந்தாள். எதிர்பார்த்து வந்தாலும் வலிக்கத்தான் செய்தது.

"ஆயத், சத்தியமா..."

"காலையில சிரிச்சு சிரிச்சு சொல்லிக் குடுத்தியே. அப்ப தெரியாதா?"

"பஸ்லதான் படிச்சேன்."

ஆயத் தன் போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அக்கா முன்னால் நீட்டினாள். "கேளு. அவர்கிட்டயே கேளு. என் எதிர்ல கேளு."

"ஆயத், என்னம்மா இந்த நேரத்துல? சாப்பிட்டியா?" என்றது முஜீபின் குரல். கொஞ்சம் மழலைத் தமிழ், ஆனால் இனிமையான தமிழ்.

"நான் ஃபர்சானா பேசறேன்" என்றாள். "உங்க சான்றிதழப் படிச்சேன். முழுசா."

அந்தப் பக்கம் முஜீப் பிரெஞ்சுக்கு மாறினான்.

"பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டான்.

"ஆயத் இருக்கிறாள்" என்றாள் ஃபர்சானா, அவளும் பிரெஞ்சில்.

"அவளுக்குப் புரியாதல்லவா? நல்லது. ஒரு வாரமாக உங்கள் போனுக்காகத்தான் காத்திருக்கிறேன். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முழுப் பிரதியை அனுப்பினேன். எலோடியைப் பற்றி என் அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு தைரியம் இல்லை. நானும் எலோடியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லி உங்கள் வீட்டார் இந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் நல்லது. நான் வேண்டுமென்றே அனுப்பினேன் என்பது மட்டும் வெளியே வர வேண்டாம். தயவுசெய்து."

ஐந்து வருஷத்தில் முதன்முறையாக ஒருவன் அவளிடம் பிரெஞ்சில் பேசினான். மீடியம் லார்ஜ் இல்லை, நிஜமான பேச்சு. பேசியதைப் பாருங்கள்!

ஃபர்சானாவுக்குத் தலை கொதித்தது. ஆனால் கோபத்துக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த பாஷையில் அவளுக்குத் தெரிந்த ஒரே சண்டை, பாடப்புத்தகத்தில் ஒரு பயணி ஓட்டல் அறையில் வெந்நீர் வரவில்லை என்று மானேஜரிடம் போடும் சண்டைதான். அதுவே வாயில் வந்தது.

"இதை நான் ஏற்றுக்கொள்ள முடியாது, ஐயா. இது முற்றிலும் முறையற்றது."

சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் ஆயத்.

ஃபர்சானா ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், வரிசையாகத் தமிழில் சொன்னாள். 'அவளுக்குப் புரியாதல்லவா, நல்லது' என்றதையும் சொன்னாள்.

ஆயத் உறை மாற்றாத நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசமா டெய்லி பேசினாரு என்கிட்ட. இன்னா சாப்ட, இன்னா கலர் பிடிக்கும், அங்க குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கன்னு..." பக்கத்தில் கிடந்த உறையை எடுத்துச் சுருட்டினாள். "பொய்யெல்லாம் என்கிட்ட தமிழ்ல. நெசத்த மட்டும் உனக்கு பிரெஞ்சுல எழுதி அனுப்பிகீறாரு."

ஃபர்சானா அவள் தோளில் கை வைத்தாள். ஆயத் தட்டிவிடவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

"அக்கா, அந்த வரிய எழுதாத."

"ஆயத்!"

"கட்டிக்கப் போறேன்னு சொல்லல. நானே அத்தாகிட்ட வேணாம்னு சொல்லிக்கிறேன். நீ சொன்ன மாதிரி. நீ வேணாம்னு சொன்னப்ப ஊரே 'படிக்கிற பொண்ணு, திமிரு'ன்னு பேசுச்சு. என்னையும் அப்டி பேசட்டும். 'பாவம், ஏமாந்துட்டா'ன்னு மட்டும் யாரும் பேசக் கூடாது. இத எனக்காக செய்."

இதற்கு எப்படி மாட்டேன் என்பது? ஃபர்சானா தலையாட்டினாள். ஆயத் முகம் கழுவப் போனாள். ஃபர்சானா கூடத்து மேசையில் ஒரு புதுத்தாளை எடுத்து, மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். பேர். பிறந்த தேதி. பிறந்த ஊர்.

எழுத எழுத ஒரு யோசனை அவளை விடவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னபோது அத்தா இரண்டு நாள் பட்டினி கிடந்து, பிறகு ஒப்புக்கொண்டார். எதனால்? படிப்பின் மேல் இருந்த மரியாதையாலா? ஆயத் இருந்தாள், அதனால்தான். ஆயத்துக்குப் பின்னால் இந்த வீட்டில் இன்னொரு பெண் இல்லை. மண்டபம் பேசியாகிவிட்டது. ஆயத் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அத்தா சத்தம் போடுவார், அம்மா அழுவாள், ஆயத் மூன்று நாள் தாக்குப்பிடிப்பாள். நான்காம் நாள் சரி என்றுவிடுவாள். அவளைத் தெரியாதா? அந்த முஜீபும் கடைசிவரை வாயைத் திறக்கப் போவதில்லை, நிக்காஹ் மேடையில்கூட.

அப்புறம் ஆயத் அந்த ஊரில் போய் இறங்குவாள். பேச ஒரு ஆள் இல்லாமல் ஒரு பாஷைக்குள் தனியாகக் கிடப்பது என்னவென்று ஃபர்சானாவுக்குத் தெரியும். அவள் இங்கே தன் வீட்டில், தன் சோற்றைத் தின்றுகொண்டு அப்படிக் கிடந்தாள். அதுவே தாங்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். பின்னாலேயே அத்தாவின் குரல்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. உம்மு சல்மா, டீ போடு! பாப்பா, எழுதிட்டியா?"

முத்தவல்லி சலாம் சொல்லி உட்கார்ந்தார். நெய்யோடு திரும்பியிருந்த உம்மு சல்மா அடுப்பங்கரைக்குப் போனாள். முகம் கழுவிய ஈரத்தோடு ஆயத் உள்கட்டு வாசலில் வந்து நின்றாள். ஃபர்சானாவின் முன்னால் பாதி எழுதிய தாள் இருந்தது. பைக்குள் முழுத் தாள் இருந்தது.

ஆயத் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். வேண்டாம்.

ஃபர்சானா பையைத் திறந்து முழுத் தாளை எடுத்து அத்தாவிடம் கொடுத்தாள். தங்கையின் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்கு தைரியம் வரவில்லை.

மதார் சாகிப் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பாருங்க, கையெழுத்தைப் பாருங்க! பிரெஞ்சுல இருந்து தமிழ். என் பொண்ணு எழுதிகீது" என்றார். இத்தனை வருஷத்தில் அவள் படிப்பைப் பற்றி அவர் வெளியாள் முன்னால் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கடையில் சரக்கு லிஸ்ட் படிக்கும் குரலில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"பெயர், முஜீப். பிறந்த தேதி, பதினெட்டு மூணு தொண்ணூத்தி நாலு. தகப்பனார் பெயர், நூருத்தீன். தாயார் பெயர்..." முத்தவல்லி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "ஓரக் குறிப்பு. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு அக்டோபர் ஒன்பதாம் தேதி, எலோடி மர்ஷான் என்பவரை மணந்தார்."

படித்த வேகத்தில் முழுவதையும் படித்துவிட்டார். படித்தது என்னவென்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. திரும்ப ஒருமுறை, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்துப் படித்தார். முத்தவல்லி கையை நீட்டி அந்தத் தாளை மெதுவாக வாங்கிக்கொண்டார். டீத் தட்டோடு வந்த உம்மு சல்மா அப்படியே நின்றுவிட்டாள்.

மதார் சாகிப் கண்ணாடியைக் கழற்றினார். மாப்பிள்ளையைத் திட்டப் போகிறார், காரைக்காலுக்கு போன் போடப் போகிறார் என்றுதான் ஃபர்சானா நினைத்தாள். அவர் அவளைத்தான் பார்த்தார்.

"பாப்பா" என்றார். "அன்னிக்கு இந்த மாப்ள எனக்கு வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னியே. அப்பவே உனக்கு இது தெரியுமா?"

"அத்தா!"

"தெரிஞ்சுதான் தங்கச்சி தலையில கட்டப் பார்த்தியா?"

இல்லை என்று சொன்னால் நம்புகிற மாதிரி எடுத்துக் காட்ட அவளிடம் ஒன்றுமே இல்லை. போனில் அவன் பேசியதைப் புரியாவிட்டாலும் கூடவே நின்று கேட்டவள் ஆயத் ஒருத்திதான். ஃபர்சானா ஆயத்தைப் பார்த்தாள். அம்மா ஆயத்தைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த எல்லோரும் ஆயத்தைப் பார்த்தார்கள்.

ஆயத் திரும்பி அறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.